அளவை நாமே வகுப்போம்

(தசலட்சண விழாவின் ஆறாம் நாளில், உத்தம சம்யமம் குறித்துத் திருப்பூரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





பொறுமையில் தொடங்கிய பத்து அறங்களுள் இன்று சம்யமத்தின் நாள். புலனடக்கம், மனவடக்கம், தன்னடக்கம் என்று எப்படி வேண்டுமானாலும் அதைத் தமிழாக்கிக்கொள்ளலாம். தலைவர் என்னை அழைத்தபோது ஒரு வேண்டுகோளும் வைத்தார். "நம் பிள்ளைகள் இப்போது ஸ்டோயிக் அறிஞர்களின் நூல்களை விரும்பிப் படிக்கிறார்கள். கம்பெனி நடத்துபவர்கள்கூட அவற்றைப் பற்றிப் பேசுகிறார்கள். அந்தக் கருத்துகளையும் நம் நெறியையும் சேர்த்துச் சொல்லுங்கள்" என்றார். அதற்கிணங்கச் சில நூல்களைப் படித்துக்கொண்டு வந்திருக்கிறேன். ஆனால், அடக்கத்தைப் பற்றிப் பேச வந்தவர் தம் அடங்காமையை முதலில் சொல்லிவிடுவதே முறை. ஆகவே அதிலிருந்து தொடங்குகிறேன்.

படித்தது வேறு, பழகியது வேறு

1996ஆம் ஆண்டு. ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்தேன். பிற்பகலின் முதல் பாடவேளை. அன்றைய பாடம், திருக்குறளில் அடக்கமுடைமை அதிகாரம். கடைசி வரிசையில் ஒரு மாணவன் தலை சாய்த்து உறங்கிக்கொண்டிருந்தான். இரண்டு முறை எழுப்பினேன். மூன்றாம் முறையும் உறங்கினான். அவனருகே சென்று, கையிலிருந்த பாடப்புத்தகத்தாலேயே அவன் கன்னத்தில் அறைந்தேன். "தூங்குவதற்கு உன் வீட்டில் இடமில்லையா?" என்றும் கேட்டேன். வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை, அழவும் இல்லை.

மறுநாள் அவன் வரவில்லை. ஒரு வாரம் கழித்து வீடு தேடிச் சென்றேன். வரிசை வீடுகளுள் ஒன்று, ஒரே அறை. பகல் ஷிப்டுக்குச் சென்றவர்களின் பாயில் இரவு ஷிப்ட் முடித்தவர்கள் படுத்திருந்தார்கள். அவன் பள்ளி விட்டதும் ஒரு பனியன் கம்பெனியில் தையல்காரருக்குக் கைமடியாக இரவு நெடுநேரம் வரை வேலை செய்துவந்தான் என்பதை அப்போதுதான் அறிந்தேன். அவனுடைய தாய் என்னை உட்காரச் சொல்ல இடம் தேடினார். பிறகு வாசலில் நின்றபடியே சொன்னார்: "ஏனுங்க டீச்சர், நீங்க அடிச்சதுக்கு ஒண்ணுமில்லீங்க. இடமில்லையான்னு கேட்டீங்கன்னுதானுங்க ராத்திரியெல்லாம் பேசாமயே இருந்தான். இனிப் பள்ளிக்கூடமே வேண்டாங்கறானுங்க."

அவன் திரும்பி வரவில்லை. எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், வரவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அன்று எனக்கு அடக்கத்தைப் பற்றித் தெரியாதது எதுவுமில்லை. முதுகலைத் தமிழில் நன்னூலைப் பாடமாகப் படித்தவள் நான். இங்கிருந்து சற்றுத் தொலைவில் விஜயமங்கலத்தில் சந்திரப்பிரப தீர்த்தங்கரர் கோயில் இருக்கிறது. பெருங்கதை தந்த கொங்குவேளிரின் ஊர் அது. அதன் பக்கத்துச் சீனாபுரத்தோடு தொடர்புடையவர் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர். அந்த முனிவர் ஆசிரியருக்கு நிலத்தையும் மலையையும் துலாக்கோலையும் மலரையும் உவமையாகக் காட்டினார். தன்னைத் தோண்டுவோரையும் தாங்குவது நிலம். அதைத் தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்றேன்; பல ஆண்டுகள் மாணவர்க்கு விளக்கினேன். உறங்கிய சிறுவன் முன் நின்றபோது அந்த நிலம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அறிவு ஏட்டில் இருந்தது. கை தன் பழக்கத்தில் இயங்கியது. தன்னடக்கம் பழக்கத்தால் அன்றி அறிவால் மட்டும் வருவதில்லை என்பதை அந்தச் சிறுவன் எனக்குக் கற்பித்தான். அதற்கு அவன் கொடுத்த விலை பெரிது.

திண்ணையில் பிறந்த தத்துவம்

ஸ்டோயிக் நெறியினரும் இதையே சொன்னார்கள். அந்த நெறியைத் தொடங்கிய ஜீனோ, சைப்ரஸ் தீவில் பிறந்தவர், வணிகர். அவர் கப்பலில் ஏற்றிச் சென்ற சரக்கு என்ன தெரியுமா? சாயம்! அக்காலத்தில் பெருஞ்செல்வர் மட்டுமே அணியக்கூடிய செந்நீலத் துணிக்குரிய சாயம். கப்பல் உடைந்து சரக்கெல்லாம் கடலில் போயிற்று. வெறுங்கையோடு ஏதென்ஸ் நகரை அடைந்தவர், அங்கே ஒரு புத்தகக் கடையில் அமர்ந்து சாக்ரடீசைப் பற்றிக் கேட்டு, அறிவைத் தேடத் தொடங்கினார் என்று பழைய வரலாறு கூறுகிறது. பிற்காலத்தில் அவர், ஓவியம் தீட்டப்பட்ட ஒரு தூண் மண்டபத்தில் மாணவர்களுக்குக் கற்பித்தார். அவ்வகை மண்டபத்துக்குக் கிரேக்கத்தில் 'ஸ்டோவா' என்று பெயர். அதனால் ஸ்டோயிக் என்றாயிற்று. நம் ஊர் வழக்கில் திண்ணைப் பள்ளி என்றே கொள்ளலாம். சாயச் சரக்கை இழந்த வணிகர் தொடங்கிய நெறி, சாயத்தை நம்பி வாழும் இவ்வூரில் இன்று படிக்கப்படுவது பொருத்தந்தான்.

அந்த நெறியில் பின்னாளில் புகழ்பெற்ற மூவரை நினைவில் வையுங்கள். ஒருவர் எபிக்டெட்டஸ், ரோமில் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர், கால் ஊனமுற்றவர். இன்னொருவர் செனெக்கா, பெருஞ்செல்வர், அரசனின் ஆலோசகர். மூன்றாமவர் மார்க்கஸ் அரேலியஸ், கி.பி. 161 முதல் 180 வரை ரோமானியப் பேரரசை ஆண்டவர். அடிமைக்கும் செல்வர்க்கும் அரசருக்கும் ஒரே பாடம் பொருந்தியது என்பதே அந்நெறியின் சிறப்பு.

அவர்கள் நமக்கு முற்றிலும் அயலாரும் அல்லர். அக்காலத்தில் ரோமானியர் சேரநாட்டுத் துறைமுகமாகிய முசிறிக்கு வந்தார்கள். அங்கிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே கொங்குநாட்டின் ஊடாகக் கரூர் வரை வணிகப் பெருவழி சென்றது. நொய்யல் கரையில் உள்ள வெள்ளலூரில் ரோமானிய வெள்ளி நாணயங்கள் புதையலாகக் கிடைத்துள்ளன. அதே நொய்யல் கரையில் சென்னிமலைக்கு மேற்கே கொடுமணல் இருக்கிறது. மணிக்கற்களை அறுத்துப் பட்டை தீட்டியவர்களும் இரும்பை உருக்கியவர்களும் வாழ்ந்த ஊர் அது. இங்கிருந்து மணியும் அங்கிருந்து காசும் சென்று வந்தன. அவர்களின் சிந்தனை வந்து சேரத்தான் இரண்டாயிரம் ஆண்டுகள் ஆயின.

நம் வசமும் பிறர் வசமும்

எபிக்டெட்டஸ் தம் மாணவர்க்கு முதலில் கற்பித்தது ஒரு பாகுபாடு. உலகில் சில நம் வசம் உள்ளவை. சில நம் வசம் இல்லாதவை. நம் எண்ணம், விருப்பு வெறுப்பு, நாம் எடுக்கும் முடிவு ஆகியவை நம் வசம். உடல்நலம், செல்வம், பிறர் கருத்து, பதவி ஆகியவை முழுவதும் நம் வசம் இல்லை. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்பவனே துன்புறுகிறான் என்பது அவர் கொள்கை.

இதைத் திருப்பூரில் விளக்குவது எளிது. நூல் விலை நம் வசம் இல்லை. டாலர் மதிப்பு நம் வசம் இல்லை. 2020இல் நோய்த்தொற்று வந்து நாடே அடைபட்டபோது, தைத்து மடித்து வைத்த சரக்கு பெட்டியிலேயே கிடந்தது. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு விதித்த 50 விழுக்காடு வரி இவ்வூரின் எத்தனையோ வீடுகளில் உறக்கத்தைக் கெடுத்தது. அவற்றில் ஒன்றையும் நம்மால் நிறுத்தியிருக்க முடியாது. ஆனால் அந்தச் செய்தி வந்த மாலையில் கட்டிங் மாஸ்டரிடம் எப்படிப் பேசினோம் என்பது நம் வசம். சனிக்கிழமைச் சம்பளத்தை முதலில் கொடுப்பதா, காருக்கு மாதத் தவணை கட்டுவதா என்ற முடிவு நம் வசம். ஷிப்மென்ட் தாமதமாகும் என்று தெரிந்த பின்னும் பையரிடம் மறைப்பதா, உள்ளபடி சொல்லுவதா என்பதும் நம் வசமே.

மார்க்கஸ் அரேலியஸ் ஆட்சியில் கொள்ளைநோய் பரவியது, எல்லையில் போர் ஓயவில்லை, கருவூலம் வற்றியது. அப்போது அவர் மக்கள்மீது புது வரி சுமத்தாமல், அரண்மனையின் பொற்கலங்களையும் பட்டாடைகளையும் பொது இடத்தில் ஏலம் விட்டுப் பணம் திரட்டினார் என்று ஒரு பழைய நூல் கூறுகிறது. நெருக்கடி வந்தால் முதலில் யாருடைய வசதியைக் குறைப்பது என்ற வினாவுக்கு அவர் தந்த விடை அது. ஊதியக் குறைப்பைத் தொழிலாளியிடத்தில் தொடங்குவோரும் உண்டு. தம் வீட்டில் தொடங்குவோரும் உண்டு. இவ்விரு வகையினரையும் இவ்வூர் பார்த்திருக்கிறது.

ஓங்கிய கை

சினத்தைப் பற்றி மூன்று பகுதிகளில் ஒரு நூலே எழுதியவர் செனெக்கா. சினத்துக்கு அவர் சொன்ன சிறந்த மருந்து, காலந்தாழ்த்துதல். சினந்த அப்பொழுதே எதையும் செய்யாதே, சற்றுப் பொறு, முதற் கொதிப்பு அடங்கட்டும் என்றார். எளிய அறிவுரைதான். ஆனால் அன்று அந்த ஒன்பதாம் வகுப்பில் நான் பத்து நொடி தாழ்த்தியிருந்தால், "ஏன் தம்பி தூக்கம்?" என்று கேட்டிருப்பேன்.

நம் ஸ்ரீபுராணம் இதே பாடத்தைப் பாகுபலி வரலாற்றால் உணர்த்துகிறது. பரதனும் பாகுபலியும் ஆதிநாதரின் மக்கள். இருவர் படைகளும் எதிரெதிரே நின்றபோது, வீரர்களின் உயிர்கள் வீணாக வேண்டாம், உடன்பிறந்தார் இருவர் மட்டும் மோதட்டும் என்று முடிவாயிற்று. கண்போர், நீர்ப்போர், மற்போர் மூன்றிலும் பாகுபலியே வென்றார். மற்போரில் தமையனை உயரத் தூக்கினார். தூக்கியவர் தரையில் அறையவில்லை. வெற்றி கைக்குள் இருந்த கணத்தில், இந்த மண்ணுக்காக நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்ற எண்ணம் அவருக்குப் பிறந்தது. நாட்டைத் தமையனிடமே விட்டுத் தவத்துக்குச் சென்றார். காலில் கொடி படர்ந்த அந்தத் திருவுருவத்தைச் சரவணபெளகொளாவில் 57 அடி உயரத்தில் கண்டு வணங்குகிறோம்.

தோற்றவன் அடங்குவது அடக்கமாகாது; அவனுக்கு வேறு வழியில்லை. வென்றவன், ஓங்கிய கையை உடையவன், அதை இறக்குவதே சம்யமம். ஆசிரியர் முன் மாணவன், முதலாளி முன் தொழிலாளி, பெற்றோர் முன் குழந்தை, கணவன் முன் மனைவி என்று எங்கெல்லாம் ஒருவர் கை உயரத்தில் இருக்கிறதோ அங்கெல்லாம் இந்தப் பாடம் தேவைப்படுகிறது. இவ்வூரின் தெருவில் 1932 ஜனவரியில் தடியடி விழுந்தபோது, திருப்பி அடிக்காமல் கொடியை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்ட குமரனையும் இங்கே நினைக்கிறேன். அடிபட்ட நிலையிலும் கையைத் தன் வசத்தில் வைத்திருந்தவர் அவர்.

வடிகட்டிய நீரும் வடிகட்டாத நீரும்

இதுவரை சொன்னவற்றில் ஸ்டோயிக் நெறியும் நம் நெறியும் ஒத்துச் செல்கின்றன. ஓரிடத்தில் நம் நெறி இன்னும் ஓர் அடி எடுத்து வைக்கிறது. ஸ்டோயிக் அறிஞர்கள் மன அமைதியையும் கடமையையும் பெரிதாகப் போற்றினார்கள். நம் ஆசான்களோ, அடக்கம் என்பது என் அமைதிக்காக மட்டுமன்று, என் கையால் துன்புறக்கூடிய உயிர்களுக்காகவும் என்றார்கள். ஓரறிவுயிரையும் அக்கணக்கில் சேர்த்தார்கள். அதோடு நில்லாமல், இல்லறத்தார்க்கு விரதங்களை அளவோடு வகுத்துத் தந்தார்கள். கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, பிறனில் விழையாமை என்னும் நான்கோடு ஐந்தாவதாகப் பொருள் வரைதலை வைத்தார்கள். அருங்கலச்செப்பு படித்தவர்கள் அறிவார்கள். 'வரைதல்' என்றால் எல்லை கோலுதல். இவ்வளவு போதும் என்று, ஆசை பெருகுவதற்கு முன்பே, நமக்கு நாமே ஒரு கோடு இட்டுக்கொள்வது.

அந்தக் கோட்டை நாம் போடாவிட்டால் என்னாகும்? இந்த நகரம் அதற்கு விடை சொல்லும்.

பின்னலாடைக்குச் சாயமேற்ற நீர் வேண்டும். சாயம் துணியில் பற்ற உப்பு வேண்டும். துணி சாயத்தை ஏற்கும். உப்போ பெரும்பாலும் நீரோடு வெளியேறிவிடும். ஆர்டர்கள் பெருகப் பெருகச் சாயப்பட்டறைகள் பெருகின. உப்பும் நிறமும் கலந்த நீர் நொய்யலில் பெருகியது. கொடுமணலுக்கு அருகிலேயே ஒரத்துப்பாளையத்தில் 1992இல் அணை கட்டினார்கள். வயலுக்கு நீர் பாய்ச்சக் கட்டிய அணை அது. சில ஆண்டுகளிலேயே அதில் தேங்கியது சாயக்கழிவு. எந்த உழவர்களுக்காக அணை கட்டப்பட்டதோ அவர்களே, அந்த நீரைத் திறந்துவிட வேண்டாம் என்று மன்றாட நேர்ந்தது. கிணறுகள் உப்பேறின, நிலங்கள் பாழாயின.

உழவர்கள் நீதிமன்றம் சென்றார்கள். கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத நிலையை எய்த வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில் ஆணையிட்டது. 2009இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. தவணை மேல் தவணை கடந்தது. முடிவில் 2011 ஜனவரி 28 அன்று, அந்நிலையை எய்தும் வரை எல்லாச் சாயப்பட்டறைகளையும் மூட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன. இங்குள்ளவர்களுக்கு அந்த மாதங்கள் மறந்திருக்காது. துணியை வெளியூர்களுக்கு அனுப்பிச் சாயமேற்றினார்கள். தொழிலாளர்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். என் பள்ளியிலும் பல பிள்ளைகள் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போனார்கள்.

பிறகு நகரம் எழுந்தது. சவ்வுகளின் வழியே நீரைச் செலுத்தி உப்பைப் பிரிக்கும் எதிர்ச் சவ்வூடு பரவல் முறையும், எஞ்சிய உப்புநீரைக் கொதிக்க வைத்து ஆவியாக்கும் கலன்களும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் நிறுவப்பட்டன. மீட்ட நீரும் மீட்ட உப்புக் கரைசலும் மறுபடி சாயமேற்றவே பயன்படுகின்றன. கழிவுநீரை மீட்டுப் பயன்படுத்துவதற்குப் பிற நகரங்கள் இன்று திருப்பூரை எடுத்துக்காட்டாகச் சொல்கின்றன. இது பெருமைக்குரியது. ஆனாலும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். 2011க்குப் பிறகு முடிந்தது, 1991இலேயே இதே அளவில் முடிந்திருக்காது. கருவிகளின் விலையும் நுட்பமும் அன்று வேறு. ஆனால் இவ்வளவு துணிக்குமேல் இந்த ஆறு தாங்காது என்று ஓர் அளவை அன்றே வகுக்க முடிந்திருக்கும். நாம் வகுக்காத அளவை நீதிமன்றம் வகுத்தது. நாம் வகுத்திருந்தால் குறைந்த வலியோடு முடிந்திருக்கும். வெளியிலிருந்து வந்ததால், குற்றமற்ற கைமடிச் சிறுவன் வரை அந்த வலி பரவியது.

நாம் நீரை வடிகட்டிக் குடிக்கும் மரபினர். நீரில் வாழும் சிற்றுயிர்க்கும் தீங்கு நேரக்கூடாது என்று, வெண்துணியை மடித்துக் குடத்தின் வாயில் கட்டி வடித்த பாட்டிமாரின் பேரப்பிள்ளைகள் நாம். குடிக்கும் நீரை வடிகட்டிய நாம், நம் தொழில் வெளியேற்றிய நீரை எத்தனை முறை நினைத்தோம்? சாயப்பட்டறை நமதில்லை என்று சொல்லலாம். துணி வாங்கியவர், தைத்தவர், விற்றவர், அந்தப் பணத்தில் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர் நாமெல்லோரும்தாம். என் ஊதியமும் இந்த நகரத்தின் செழிப்பிலிருந்தே வந்தது. ஆகவே யாரையும் சுட்டிக்காட்டிச் சொல்லவில்லை. என்னையும் சேர்த்தே சொல்கிறேன். வீட்டுக்குள் ஒரு நெறி, தொழிலுக்கு வேறு நெறி என்று இருந்தால் சம்யமம் சமையலறையோடு நின்றுவிடும்.

தலைமையும் மானமும்

தலைமையைப் பற்றியும் ஒரு சொல். நம் நூல்கள் உயிரைப் பிணிக்கும் கசாயங்கள் நான்கு என்கின்றன: குரோதம், மானம், மாயை, உலோபம். சினத்தைப் பற்றிப் பேசினோம். பேராசையைப் பற்றியும் பேசினோம். மாயை என்பது வஞ்சனை. ஷிப்மென்ட் தாமதத்தைப் பையரிடம் மறைப்பது அதன் சிறிய வடிவம். தலைமையில் இருப்போரை அவர்கள் அறியாமலே பிடிப்பது இரண்டாவதாகிய மானம், அதாவது செருக்கு. நம்மைப் போன்ற அறக்கட்டளைகளும் இதற்கு விலக்கல்ல. மேடையில் யார் நாற்காலி நடுவில், கல்வெட்டில் யார் பெயர் முதலில், விழா மலரில் யார் விளம்பரம் அட்டையின் உட்பக்கத்தில் என்பதற்காக எத்தனை ஊர்களில் எத்தனை குழுக்கள் பிளந்திருக்கின்றன! (இந்த உரையும் மலரில் வரும் என்று தலைவர் சொல்லியிருக்கிறார். எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை.)

நன்னூலார் காட்டிய துலாக்கோல் ஆசிரியருக்கு மட்டும் உரியதன்று; தலைவர்க்கும் உரியது. துலாக்கோல் தன் எடையைத் தட்டில் சேர்ப்பதில்லை. குழுவில் கருத்து மாறுபட்டால், எதிர்ப்பவர் சொல்வதில் உள்ள உண்மையை முதலில் நம் வாயால் எடுத்துச் சொல்லிவிட்டுப் பிறகு நம் கருத்தைச் சொல்வோம். தம் தவறான எண்ணத்தை யாரேனும் எடுத்துக்காட்டினால் மகிழ்ந்து மாற்றிக்கொள்வேன் என்று மார்க்கஸ் அரேலியஸ் தமக்குத்தாமே எழுதிக்கொண்டார். பேரரசர் எழுதியது அது. நம் பொறுப்பு அதைவிடப் பெரிதல்லவே.

அன்றாடம் செய்யத்தக்கவை

பழக்கத்தால்தான் அடக்கம் வரும் என்றேன். ஆகவே நான் இந்த இருபத்தொன்பது ஆண்டுகளாகத் தடுமாறியும் எழுந்தும் செய்துவரும் நான்கை மட்டும் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, காலையில் முன்னெண்ணுதல். இன்று யார் என்னைச் சினமூட்டக்கூடும், எந்தச் செய்தி என்னைக் குலைக்கக்கூடும் என்று எழுந்தவுடன் எண்ணிக்கொள்வது. எதிர்பார்த்த அடி பாதி வலியே தரும். சாமாயிகம் செய்யும் வழக்கமுள்ளவர்கள் அந்த 48 நிமிடத்தின் நிறைவில் இதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, கைக்கு ஒரு தடை. அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு, வகுப்பில் சினம் வந்தால் கையிலுள்ள சுண்ணக்கட்டியை மேசைமேல் வைத்து, சன்னலருகே சென்று, வெளியே ஒரு முறை பார்த்துவிட்டே பேசுவது என்று பழகினேன். மாணவர்கள் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். "தமிழம்மா சன்னலுக்குப் போறாங்க" என்று ஒருவர்க்கொருவர் கிசுகிசுப்பார்கள். பரவாயில்லை. கம்பெனி நடத்துவோர், சினத்தோடு பதிவு செய்த குரல் செய்தியை உடனே அனுப்பாமல், ஒரு குவளை நீர் அருந்திவிட்டு மறுபடி கேட்டுப் பாருங்கள். பாதிக்கு மேல் அனுப்பமாட்டீர்கள்.

மூன்றாவது, எழுதி வைக்கும் அளவு. பொருள் வரைதல் மனத்துக்குள் இருந்தால் ஆசை அதை அழித்துவிடும். தாளில் இருக்க வேண்டும். ஆண்டுக்கு இவ்வளவுக்குமேல் வீட்டுக்கு வாங்குவதில்லை. இத்தனை மணிக்குப் பின் கைப்பேசி இல்லை. வேலை செய்வோரை ஒன்றரை ஷிப்டுக்குமேல் நிறுத்துவதில்லை. எதுவாயினும் எண்ணோடு எழுதுங்கள். திசைவிரதம் கொண்ட நம் முன்னோர், வணிகத்துக்காகவும் இன்ன எல்லையைத் தாண்டுவதில்லை என்று கோடிட்டுக்கொண்டவர்கள். எல்லையில்லாத சந்தையில் வாழும் நமக்கு அது இன்னும் தேவை.

நான்காவது, இரவுக் கணக்கு. விளக்கை எடுத்துச் சென்றபின், அன்று செய்ததையும் சொன்னதையும் ஒன்றும் மறைக்காமல் தமக்குள் விசாரித்துக்கொள்வதாகச் செனெக்கா எழுதியிருக்கிறார். நமக்கு இது புதிதன்று. பிரதிக்கிரமணம் என்று நாம் செய்வது இதுதான். செனெக்கா எழுதியபடி முழுவதும் வாழ்ந்தாரா என்று அவர் காலத்தவரே கேட்டதுண்டு. அவர் செல்வத்தைச் சுட்டி இகழ்ந்தவர்களும் உண்டு. அதனால் எனக்கு அவர்மேல் மதிப்புக் குறையவில்லை. நாள்தோறும் கணக்குப் பார்க்க வேண்டியவர், கணக்கில் பிழை உள்ளவர்தானே.

பெரியோர்களே, இன்று ஆறாம் நாள். இன்னும் சில நாளில் அனந்த சதுர்த்தசி. அதனையடுத்து ஒருவரிடம் ஒருவர் பொறுத்தருள வேண்டும் நாள். அன்று நாமெல்லோரும் கைகூப்பிக்கொள்வோம். பெரும்பாலும் நமக்கு நல்லவர்களிடத்திலேயே மன்னிப்புக் கேட்டு முடித்துவிடுகிறோம். இம்முறை உங்கள் கை ஓங்கியிருந்த இடத்தில் நின்றவர் யார் என்று எண்ணிப் பாருங்கள்: உங்கள் பட்டறையில், உங்கள் வீட்டில், உங்கள் வகுப்பில். அவரிடம் செல்லுங்கள்.

நான் கேட்க வேண்டியவரின் பெயர் எனக்கு நினைவிருக்கிறது. இந்நகரில்தான் இருக்கிறாரா என்று தெரியாது; இப்போது அவருக்கு நாற்பது வயதைக் கடந்திருக்கும். இங்குள்ள ஏதேனும் ஒரு கம்பெனியில் பவர் டேபிளுக்கு முன் அமர்ந்திருக்கலாம். உங்களில் ஒருவரிடமே வேலை செய்யலாம். அவரை நான் காணாமலே போகக்கூடும். ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் கம்பெனியில் யாரேனும் வேலை நேரத்தில் கண்ணயர்ந்தால், அதட்டுவதற்கு முன், இரவில் அவருக்கு உறங்க இடம் இருந்ததா என்று ஒரு முறை கேளுங்கள்.

அறம் வளர்க.